குளக்கரைச் சட்டை

“பறவை விரட்டுற பொம்மையைத் தினமும் இடம் மாத்தணும்னு சொன்னேனா இல்லையாக்கா? ஒரே இடத்துல நின்னா நீர்க்காகத்துக்குக் குளிர் விட்டுப்போயிடும்.”

“முழங்கால் வலிடி.”

“முழங்காலா? நேத்துச் சந்தையில நீ நடந்த வேகத்துக்கு நான்தான் ஓடி வந்தேன்.”

குளத்தில் விட்ட மீன்குஞ்சுகளில் பாதியைப் பறவைகள் தின்றுவிட்டன. அந்தக் குளத்தை விட்டால் அக்காவுக்கு வேறு பிழைப்பும் இல்லை.

“தீனியைக்கூட எதிர்க்கரையில நின்னு போடுறே. பொம்மைகிட்டப் போகவே மாட்டேங்கிறே. யாரோட சட்டைக்கா அது?”

“அவரோடது.”

அத்தான் இறந்து இரண்டு வருடமாகிறது.

“அந்தச் சட்டையைப் பார்த்தா எதுவும் கிட்ட வராதுன்னு நினைச்சுட்டேன்டி” என்றாள் அக்கா. “வாசல்ல அது தெரிஞ்சாலே நான் பாப்பாவைத் தூக்கிக்கிட்டுப் பின்கட்டுக்கு ஓடுவேன். பத்து வருஷம்.”

தங்கை அவள் கையைப் பிடித்துக் கரைக்கு அழைத்துப் போனாள்.

பொம்மையின் தலைமேல் ஒரு நீர்க்காகம் சிறகை விரித்துக் காயவைத்துக்கொண்டிருந்தது. இன்னொன்று தோளில் உட்கார்ந்திருந்தது. காலரெல்லாம் எச்சம்.

அக்கா ஓரடி எடுத்து வைத்தாள். பறவைகள் அவளைக் கண்டு பதறிப் பறந்தன.

அவள் சட்டையைக் கண்டு அங்கேயே நின்றுவிட்டாள்.