பாதி இறகு

"டேய் எர்மெத்தே, இந்த வருஷமாவது அந்த இறகை மாத்தியிருப்பேன்னு பார்த்தேன். உரிச்ச சேவலோட வால் மாதிரி இருக்கு!" என்று மேசையைத் தட்டிச் சிரித்தார் பெப்பி.

"எலி கடிச்சா நான் என்னடா பண்றது?" எர்மெத்தே தன் தொப்பியைத் தடவிக்கொண்டார்.

இளவயதில் ராணுவத்தின் மலைப்படையில் ஒன்றாக இருந்தவர்கள் வருஷத்துக்கு ஒருமுறை இந்தச் சாப்பாட்டுக் கடையில் கூடுவது வழக்கம். எல்லோர் தலையிலும் நெட்டையான காக்கை இறகு செருகிய பழைய தொப்பி. கல்யாணத்தில் போட்டுக்கொள்வதும் அதுதான், கடைசியில் சவப்பெட்டி மேல் வைப்பதும் அதுதான். எர்மெத்தேயின் தொப்பியில் மட்டும் இறகு பாதிதான் இருந்தது.

எதிரே உட்கார்ந்திருந்த துல்லியோ, தட்டில் இருந்த பொலெந்தா என்ற சோளக் களியைக் கிளறிக்கொண்டே இருந்தார். அடுத்த வாரம் எர்மெத்தேவுக்கு நெஞ்சைத் திறந்து ஆபரேஷன். எழுபத்தாறு வயசு, எதுவும் உறுதியில்லை என்று டாக்டரே சொல்லிவிட்டார். அதற்குள் அவரிடம் ஒரு விஷயத்தைச் சொல்லி மன்னிப்புக் கேட்டாக வேண்டும்.

பெப்பி விடுகிற மாதிரி இல்லை. "ஞாபகம் இருக்கா? பனிமூட்டத்துல நம்ம கோவேறு கழுதை ஜீனாவுக்கு மேஜரோட கோட்டை மாட்டி, முகாம் வாசல் வழியா நடத்திட்டுப் போனோமே! காவல்காரன் சல்யூட் அடிச்சானே!"

"மேஜர்கூட அந்தக் கோட்டுல அவ்வளவு கம்பீரமா இருந்ததில்லடா!" என்றார் எர்மெத்தே.

மேசையே குலுங்கிச் சிரித்தது. பெப்பி கண்ணைத் துடைத்துக்கொண்டு தொடர்ந்தார்.

"ஆனா உன் தொப்பியை எடுத்தவன் எவன்னுதான் இன்னிக்கு வரைக்கும் தெரியல. தொப்பி இல்லாம வாசலைத் தாண்ட முடியாது. திருவிழா ஆட்டம் நடக்கிற சனிக்கிழமையாப் பார்த்துத் தூக்கியிருக்கான் பாவி! தொலைச்சதுக்கு உனக்குப் பத்து நாள் சிறை வேற!"

"அது வந்து..." என்று துல்லியோ வாயைத் திறந்தார்.

மேசைக்கு அடியில் ஒரு செருப்பு அவர் பாதத்தை நறுக்கென்று மிதித்தது. பக்கத்தில் அவர் மனைவி நீவெஸ், ஒன்றும் நடக்காதது போல ரொட்டியைப் பிய்த்துக்கொண்டிருந்தாள்.

"பேசாம சாப்பிடு" என்றாள் உதடு அசையாமல்.

வரும் வழியெல்லாம் இதே பாட்டுதான். "பழசைக் கிளறாதே. நெஞ்சு சரியில்லாத மனுஷன்கிட்ட போய்ச் சொல்ற விஷயமா இது?" முதலிரவிலேயே துல்லியோ அவளிடம் எல்லாவற்றையும் உளறியிருந்தார். அதன் பிறகு சூப்பில் உப்புக் கூடினாலும் சரி, மாமியார் வந்து மூன்று மாதம் தங்கினாலும் சரி, அவர் முணுமுணுத்தால் போதும். "தொப்பித் திருடனுக்குப் பேச்சைப் பாரு!" என்பாள் அவள். மனுஷர் பெட்டிப் பாம்பாக அடங்கிவிடுவார்.

இன்று அடங்கவில்லை.

"எர்மெத்தே, உன் தொப்பியை எடுத்தது நான்தான்டா."

பெப்பியின் முள்கரண்டி பாதி வழியில் நின்றது.

"ஒவ்வொரு சனிக்கிழமையும் நீ நீவெஸ்கூட ஆடுவே. நான் சுவரோரமா நின்னு பார்த்துட்டுத் திரும்பி வருவேன். ஒரே ஒரு வாரம் நீ வராம இருந்தா நல்லா இருக்குமேன்னு தோணுச்சு. ஜீனாவோட தொட்டியில, வைக்கோலுக்கு அடியில ஒளிச்சேன். ஆட்டம் முடிஞ்சு வந்து தேடினா அங்கே தொப்பியே இல்ல. பயத்துல வாயை மூடிக்கிட்டேன். நீ சிறையில கிடந்தப்போ நான் அவளோட ஆடினேன், அப்புறம் அவளையே கட்டிக்கிட்டேன். அந்தக் கல்யாணத்துக்கு நீயே மாப்பிள்ளைத் தோழனா வந்து நின்னியேடா!" துல்லியோ தன் தொப்பியைக் கழற்றி மேசையில் வைத்தார். "என்னை மன்னிச்சுடு."

எர்மெத்தே தலையைக் குனிந்துகொண்டார். அவர் தோள்கள் குலுங்கின. ஐயோ, இப்போதே நெஞ்சு வலி வந்துவிட்டதோ என்று துல்லியோ பதறிப்போய்த் தண்ணீரை எடுத்து நீட்டினார். நிமிர்ந்த எர்மெத்தே சிரித்துக்கொண்டிருந்தார்.

"இடது பக்கத் தொட்டிதானே? அரை மணி நேரத்துல கண்டுபிடிச்சுட்டேன். அதுக்குள்ள பாதி இறகு ஜீனா வயித்துக்குள்ள போயிடுச்சு. கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை!"

"அப்போ எலி கடிச்சதுன்னு சொன்னது?" என்றார் துல்லியோ.

"எலியாவது, கிலியாவது!"

"தொப்பியைக் கையில வச்சுக்கிட்டா பத்து நாள் சிறையில கிடந்தே?"

"கையில இல்ல, சட்டைக்குள்ள." எர்மெத்தே அந்த அரை இறகை நிமிர்த்திவிட்டார். "முந்தின நாளே எனக்கு ஒரு சீட்டு வந்துடுச்சுடா. 'நாளைக்கு ஆட்டத்துக்கு வராதே. நீ இருந்தா அந்தச் சுவரோரத்துக் கூச்சக்காரன் என்கிட்ட வரவே மாட்டான்'னு எழுதியிருந்துச்சு. படிச்சப்போ எனக்கு வலிக்கத்தான் செஞ்சுது, இல்லேன்னு சொல்லல. உங்ககிட்டயெல்லாம் என்ன சாக்கு சொல்லி வராம இருக்கிறதுன்னு முழிச்சிட்டு இருந்தேன். நீயே ஒண்ணு ஏற்பாடு பண்ணிக் கொடுத்துட்டே."

"அதுக்கு ஒரு நாள் போதுமே, பத்து நாள் எதுக்குடா?" என்றார் பெப்பி.

"தினமும் சிறைக்கு, சீட்டு எழுதினவ வீட்டுப் பன்றிக்கறி சலாமி வந்துச்சே! அதை விட்டுட்டு எவன்டா வெளியே வருவான்?"

துல்லியோ மெல்லத் திரும்பினார். நீவெஸ் காது வரை சிவந்து, காலித் தட்டை மும்முரமாகத் துடைத்துக்கொண்டிருந்தாள். மேசைக்கு அடியில், அதுவரை அவர் பாதத்தை அழுத்திக்கொண்டிருந்த செருப்பு மெதுவாக விலகியது.