கம்பி மட்டும் ஒட்டவில்லை

ஓரான் நகரத்துக் கடல் ஒன்பது படங்களாகக் கணினித் திரையில் கிடக்கிறது. ஆறாவது மாடி ஜன்னலோரம், சக்கர நாற்காலியில் இருந்தபடியே பூஸியான் எடுத்தவை. ஒரே படமாக ஒட்டிப் பார்க்கிறார். கடலும் கப்பல்களும் தையல் தெரியாமல் சேர்ந்துவிடுகின்றன. ஜன்னல் கம்பிகள் மட்டும் முறிந்து, இரட்டித்து, கோணிக்கொண்டு நிற்கின்றன. வெல்டரான அவரே பற்றவைத்த கம்பிகள். “கிட்ட இருக்கறது ஒட்டாதாம், தள்ளி இருந்து எடுக்கணுமாம்,” என்கிறார். மனைவி கெய்ரா காப்பியை ணங்கென்று வைக்கிறாள். “எங்க தள்ளிப் போவீங்க? பின்னாடி சுவரு இடிக்குது. ஆறாவது மாடிக்கு எந்தத் திருடன் வரப்போறான்னு அன்னிக்கே தலைபாடா அடிச்சுக்கிட்டேன். இப்ப லிஃப்டும் செத்து மூணு வருஷமாச்சு.” அவர் கைப்பேசியைக் கம்பிக்கு வெளியே நீட்டுகிறார். மணிக்கட்டை மட்டும் மெல்லத் திருப்பி, ஒரு படத்தின் ஓரம் அடுத்ததிலும் விழும்படி எடுக்கிறார். வியர்த்த தோலை இரும்பு உரசுகிறது. இந்த முறை பிசிறே இல்லை. கம்பியில்லாத கடல் மாலை வெயிலில் முழுசாக விரிகிறது. பழைய கூட்டாளி மிலூதுக்கு அனுப்பியதுமே மணியடிக்கிறது. “அடப்பாவி, படத்துல கம்பியே இல்லையே, இறங்கிட்டியா! கடற்கரை மேட்டுலதானே இருக்க? அங்கயே இரு, வந்துட்டேன்!” சொல்ல வாயெடுப்பதற்குள் இணைப்பு அறுந்துவிடுகிறது. திருப்பி அழைத்தால் எடுக்கவில்லை. பூஸியான் நெற்றியைக் கம்பியில் சாய்த்துக்கொள்கிறார். கொஞ்ச நேரத்தில் கீழே, கடற்கரை மேட்டுச் சுவரோரம், மிலூத் ஒவ்வொரு பெஞ்சாகத் தேடிக்கொண்டு வருகிறார்.