நாப்பத்தோரு மார்க்

"மேடம், பாப்பாவுக்கு மார்க்கைக் கொஞ்சம் கொறைச்சுப் போடுங்க மேடம்."

தரையைத் துடைச்சிக்கிட்டிருந்த ஆயாவுக்குக் கை அப்படியே நின்னு போச்சு.

புள்ளைக்கு மார்க்கைக் கூட்டிப் போடச் சொல்லி வாத்தியார் கால்ல விழற அப்பனைப் பாத்திருக்கா. கொறைக்கச் சொல்லிக் கெஞ்சற அப்பனை இப்பத்தான் பாக்குறா.

"பாப்பா என்ன செய்யறாளோ அதைத்தான் எழுதுவேன். நீங்க வெளியில உக்காருங்க"ன்னு தெரபி மேடம் கதவைக் காட்டிட்டாங்க.

அப்பன்காரன் ஒரு பெயிண்டர். நகத்துல ஒட்டியிருந்த நீலத்தைச் சொரண்டிக்கிட்டே வெளியில போனாரு.

ஆயா இந்த ரூமுக்கு வந்து மூணே நாள்தான். அதுவரைக்கும் ஆஸ்பத்திரித் துணி வெளுக்கிற எடத்துல வேலை. அங்க படுக்கை விரிப்போட பேசிப் பேசி அலுத்துப் போனவளுக்கு, இங்க மனுஷங்க கெடைச்சதும் வாய் ஓயல.

"ஏன் மேடம், இத்தனூண்டு புள்ளைக்கு என்னா பரீட்சை? பென்சிலைப் புடிக்கிறதுக்கு முன்னாடியே மார்க்கா?"

"மாசம் நெறையறதுக்கு முன்னாடியே பொறந்த புள்ளைங்க ஆயா. கை காலு வயசுக்குத் தகுந்த மாதிரி அசையுதான்னு பாக்கணும். இவ பொறந்து அஞ்சு மாசம். ஆனா ரெண்டு மாசம் முந்திக்கிட்டா. அதைக் கழிச்சு மூணு மாசக் கொழந்தைன்னுதான் கணக்கு."

"அப்படியே எனக்கும் ஒரு பத்து வருஷத்தைக் கழிச்சு விடுங்க மேடம். புண்ணியமாப் போவும்."

மேடம் சிரிக்கல. பாப்பாவைத் தரையில விரிச்ச பாயில போட்டு, கையைப் புடிச்சு மெதுவா உக்கார வெச்சுப் பாத்தாங்க. தலை பின்னால தொங்கிச்சு. எழுதிக்கிட்டாங்க.

"நாப்பதுதான் கோடு. அதுக்குக் கீழ வந்தா தேறலைன்னு சீட்டு எழுதணும். அப்படி எழுதினாத்தான்..."

மேடம் மேல என்னவோ சொன்னாங்க. ஆயா காதுல ஏறல.

தேறலைன்னு சீட்டு!

இருவது வருஷத்துக்கு முன்னாடி அவ புருஷன் கையிலயும் இப்படி ஒரு சீட்டு இருந்துச்சு. அவங்க பெத்த பொண்ணுக்குக் காலு சரியில்லன்னு டாக்டர் எழுதினது. அதை மடிச்சுச் சட்டைப்பையில வெச்சுக்கிட்டு, 'இப்படிப் புள்ளையைப் பெத்தவளோட எப்படிக் குடும்பம் நடத்துறது?'ன்னு சொந்தக்காரங்க வீடு வீடாப் போயிக் காட்டினான். அப்படியே வேற ஒருத்தி வீட்டுக்குப் போயிட்டான்.

இவனும் அதுக்குத்தான் அலையறான். இருடா ராசா, ஒனக்கு வெக்கிறேன் ஆப்பு!

மேடம் பாப்பாவைக் குப்புறப் போட்டாங்க. "யாரும் கூப்புடக் கூடாது, வெளையாட்டுக் காட்டக் கூடாது. தானாத் தலையைத் தூக்கணும்."

பாப்பா மூக்கைப் பாயில தேச்சா. வலது கை அசைஞ்சுது. இடது கை மட்டும் முட்டாயை ஒளிச்சு வெச்ச மாதிரி இறுக்கி மூடியே கெடந்துச்சு. தலை எழும்பல.

மேடம் எழுதறதுக்குக் குனிஞ்சாங்க.

ஆயா துடைக்கிற சாக்குல நகந்து பாப்பா முகத்துக்கு நேரா உக்காந்தா. தோள்ல கெடந்த மஞ்சத் துணியை எடுத்துச் சத்தமில்லாம ஆட்டினா. கண்ணை உருட்டினா. நாக்கைத் துருத்தினா. கொரங்கு பாத்தா வெக்கப்படும், அப்படி ஒரு சேட்டை.

பாப்பா கண்ணு துணியில ஒட்டிச்சு. கழுத்து நடுங்கிச்சு. மெல்ல, மெல்ல தலை மேல வந்துச்சு.

மேடம் நிமுந்தப்போ ஆயா கையில துணி இல்ல. பாப்பா தலை மட்டும் தூக்கினபடியே நின்னுச்சு.

"அட! தூக்கிட்டாளே!" மேடம் அடிச்சுத் திருத்தினாங்க. கூட்டினாங்க. "நாப்பத்தொண்ணு."

பெயிண்டரைக் கூப்பிட்டுச் சொன்னாங்க. அவரு புள்ளையைத் தூக்கித் தோள்ல போட்டுக்கிட்டு ரூமுக்கு வெளிய இருந்த நடைக்குப் போயி, பெஞ்சில தொப்புன்னு உக்காந்தாரு.

ஆயா விடுவாளா? வாளியோட பின்னாடியே போனா.

"என்னா தம்பி, புள்ளை பாஸாயிட்டா, ஒம்மூஞ்சி ஏன் இப்படித் தொங்குது? சீட்டு கெடைக்கலையேன்னா? இப்ப பொண்டாட்டிகிட்ட என்னா சொல்லுவே?"

"அதான்க்கா தெரியல"ன்னாரு பெயிண்டர். "நாப்பதுக்குக் கீழ இருந்தாத்தான் இங்க இலவசப் பயிற்சிக்கு எடம். தாண்டிட்டா அந்த எடம் வேற புள்ளைக்கு. இந்தக் கை தொறக்கணும்னா ஆறு மாசம் விடாம பயிற்சி குடுக்கணுமாம். இந்த வயசை விட்டுட்டா அப்புறம் கஷ்டமாம். வெளியில காசு குடுத்துக் காட்டறதுக்கு நமக்கு ஏதுக்கா வசதி?"

"மறுபடி... மறுபடி ஒரு பரீட்சை வெக்கச் சொல்லலாமே தம்பி?"

"அடுத்த வருஷந்தானாம்."

வாளியைப் போட்டுட்டு ஆயா ரூமுக்கு ஓடினா. மேடத்துக்கிட்ட உண்மையைச் சொல்லிட வேண்டியதுதான். வேலை போனாலும் போவட்டும்.

உள்ளே அந்தப் பாயில வேற ஒரு கொழந்தை கெடந்துச்சு. அதைப் பெத்தவ மேடத்தோட ரெண்டு கையையும் புடிச்சிக்கிட்டு அழுதுக்கிட்டிருந்தா. "எடம் காலியாச்சாமே மேடம். ஏழு வாரமா வந்து வந்து திரும்புறேன்."

அந்தக் கொழந்தைக்கு ரெண்டு கையுமே மூடியிருந்துச்சு.

ஆயா வாசப்படியிலயே நின்னுட்டா. பின்னாடி நடையில, பெயிண்டர் மகளைக் கொஞ்சற சத்தம் கேட்டுச்சு.

"வீட்டுல ஒரு நாளும் தூக்கலையே தங்கம்... இன்னிக்குன்னு பாத்து ஏண்டி தலையைத் தூக்கினே?"