வாசலில் கிடந்த பதினாலு

"ஹெல்மெட்டைக் கழட்டுங்க தம்பி. ரத்தம் எடுக்கிறது கையிலதான், தலையில இல்ல."

நர்ஸம்மா சிரித்தபடி சொல்லியும் தவீ கழட்டவில்லை. ஹெல்மெட்டுக்குள் முகமூடி வேறு. பைக் டாக்ஸிக்காரன் என்று தெரியக்கூடாதென்று ஆரஞ்சுச் சட்டையைச் சுருட்டி வண்டி சீட்டுக்கு அடியில் திணித்துவிட்டு வந்திருந்தான்.

இந்த ஆஸ்பத்திரியில் பெயர் கேட்பதில்லை, டோக்கன் நம்பர்தான். அதற்காகவே ஆற்றைத் தாண்டி பாங்காக்கின் இந்தக் கோடிக்கு வருவான்.

எல்லாம் ஜியாப் அக்காவுக்குப் பயந்து.

அவன் சவாரிக்குக் காத்திருக்கும் பைக் டாக்ஸி ஸ்டாண்டு முனையில் பன்றிக்கறியைக் குச்சியில் குத்திச் சுட்டு விற்பவள். அவள் காதில் ஒன்று விழுந்தால், அடுப்பிலிருக்கும் குச்சியைத் திருப்பிப் போடுவதற்குள் சந்து முழுக்கத் தெரிந்துவிடும். ஸ்டாண்டில் கூட வண்டி ஓட்டும் சம்ராங் அண்ணனுக்கு மூலம் வந்த கதையைப் பள்ளிக்கூடப் பிள்ளைகள் வரைக்கும் கொண்டுபோய்ச் சேர்த்த புண்ணியவதி.

"சொல்லுங்க, என்ன பயம்?" என்றாள் நர்ஸம்மா.

"சோங்க்ரான் திருவிழாவுக்கு ஊருக்குப் போனேன். அங்க ஒரு பொண்ணு..."

"உறை போட்டிருந்தீங்களா?"

"போட்டிருந்தேன்."

"கிழிஞ்சுதா, கழண்டுதா?"

"ரெண்டும் இல்ல."

"அப்புறம் எதுக்கு நாலாவது தடவையா வர்றீங்க?"

"மனசு கேக்கலீங்க. எச்.ஐ.வி.ன்னு நினைச்சாலே சோறு இறங்கல. இருமினா அதுவோன்னு இருக்கு, கொசு கடிச்சுத் தடிச்சா அதுவோன்னு இருக்கு."

கொஞ்ச நேரத்தில் ரிசல்ட் வந்தது.

"ஒண்ணும் இல்ல. மூணு மாசம் தாண்டியாச்சு, இனி சந்தேகத்துக்கே இடமில்ல. இங்க எச்.ஐ.வி.க்குத்தான் டெஸ்டும் மாத்திரையும், மனசுக்குக் கிடையாது தம்பி. போய் நல்லா சாப்பிடுங்க."

தவீக்கு மூன்று மாசப் பசியும் ஒரே நேரத்தில் வந்தது. துள்ளிக்கொண்டு வாசலுக்கு வந்தவன் அப்படியே நின்றான்.

செருப்பைக் காணோம்.

உள்ளே போகிறவர்கள் எல்லோரும் வாசலில் கழட்டிப் போடுவதுதான் வழக்கம். அவனும் போட்டான். போடும்போது மற்ற செருப்புகளை ஒவ்வொன்றாகப் பார்த்து, தெரிந்தவர் செருப்பு எதுவும் இல்லை என்று நிம்மதியாகத்தான் உள்ளே போனான்.

தன் செருப்பை மட்டும் பார்க்கவில்லை. ஸ்டாண்டில் மத்தியானம் எல்லாரும் ஒரே பாயில் படுத்துத் தூங்குவார்கள். செருப்பு மாறிப் போகக்கூடாதென்று ஆளாளுக்குத் தன் ஆரஞ்சுச் சட்டை நம்பரைப் பெயின்டில் எழுதி வைத்திருப்பார்கள். அவனுடையதில் மஞ்சள் நிறத்தில், கொட்டை எழுத்தில், பதினாலு.

முகத்தை மறைத்தான், சட்டையை மறைத்தான், பதினாலை வாசலில் போட்டுவிட்டுப் போயிருக்கிறான்.

வெறுங்காலோடு ஸ்டாண்டுக்கு வந்து சேர்ந்தான். சோடா மூடிகளைக் காயாக நகர்த்தி விளையாடிக்கொண்டிருந்த சம்ராங் அண்ணன் நிமிர்ந்து பார்த்தார்.

"என்னடா, செருப்பை அடகு வச்சிட்டியா?"

"ஆத்துக்கு அந்தப் பக்கக் கோயில்ல திருட்டுப் போச்சுண்ணே."

"நீ எப்படா கோயிலுக்குப் போன? சாமியே பயந்திருக்குமே."

எல்லாரும் சிரித்தார்கள்.

"நான் காலையிலேருந்து ஆத்துக்கு அந்தப் பக்கம்தான் சவாரி. அங்க இருக்கிற ஆஸ்பத்திரி தெருவுக்கே ரெண்டு நடை போயிட்டு வந்தேன். உன்னை வழியில எங்கயும் பாக்கலையே?" என்றார் சம்ராங்.

அப்போதுதான் ஜியாப் அக்கா தன் பெரிய துணிப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வந்தாள். பைக்குள் கைவிட்டு ஒரு ஜோடி செருப்பை எடுத்துப் பொத்தென்று அவன் முன்னால் போட்டாள்.

மஞ்சள் பதினாலு.

போச்சு. இனி சந்து முழுக்கச் சிரிக்கும். தவீ கண்ணை மூடிக்கொண்டான்.

"இது எங்க கிடைச்சுது உனக்கு?" என்றார் சம்ராங்.

"கோயில் வாசல்லதான். பூ வைக்கப் போயிருந்தேன். இவன் உள்ள உக்காந்து சாமியை விடமாட்டேங்கிறான், செருப்பு வெயில்ல உருகுது. பாவமேன்னு எடுத்து வந்தேன். இதைத் திருடுறவனுக்கு நாமதான் காசு குடுக்கணும்."

"அப்ப நெசமாவே கோயிலுக்குத்தான் போனானா?" சம்ராங் வாயைப் பிளந்தார்.

தவீ கண்ணைத் திறந்தான். அவள் அதற்குள் கடைக்குப் போய் அடுப்பை விசிற ஆரம்பித்திருந்தாள். பின்னாலேயே போனான்.

"அக்கா..."

"சம்ராங் வண்டி தெருமுனையில திரும்புது, வாசல்ல உன் பதினாலு பல்லை இளிச்சுக்கிட்டுக் கிடக்குது. வேற என்ன பண்ணச் சொல்ற? டெஸ்ட்டு என்ன ஆச்சு?"

"ஒண்ணும் இல்லையாம்."

"அப்ப சாப்பிடு. முகத்தைப் பாரு, காஞ்ச கருவாடு மாதிரி." இலையில் சோற்றை வைத்து நாலு குச்சியை அடுக்கினாள்.

"யார்கிட்டயும் சொல்லிடாதீங்க அக்கா."

"மூலம்னா சொல்லுவேன். இதைச் சொல்ல மாட்டேன்."

அவன் வாய் நிறையச் சோற்றோடு சிரித்தான். அவளும் சிரித்தாள். சந்திலேயே அவள் சிரிப்புக்குத்தான் சத்தம் அதிகம்.

பிறகு குனிந்து, மெதுவாகச் சொன்னாள்:

"இனிமே எப்பவாவது அங்க போனா, செருப்பைக் கழட்டிப் பைக்குள்ள போட்டு உள்ள எடுத்துட்டுப் போடா. பன்னண்டு வருஷமா நான் அப்படித்தான் போய் மாத்திரை வாங்கிட்டு வரேன்."