மூன்றாவது பிடி

கொழும்பு ஜிந்துப்பிட்டிச் சந்தியில் ஆமியின் சுற்றிவளைப்பு. மதிய வெயிலில் தார் இளகி மணக்கிறது. ஆண்கள் எல்லோரும் கடைச் சுவரோடு கைகளைத் தூக்கி நிற்கிறார்கள். ஒருவனின் உடைந்த பல்லிலிருந்து ரத்தம் சட்டையில் சொட்டுகிறது. அவனுக்குப் பக்கத்தில் மருதமுத்து. இந்த வாரம் லீக்கில் இரண்டு பெனால்டிகளைப் பிடித்த கோல் கீப்பர். சிறந்த ஆட்டக்காரன் என்று காலைப் பேப்பரில் படம்கூட வந்திருக்கிறது. அடையாள அட்டையை எடுக்க அவன் ஒரு கையை இறக்கியதும், ஆமிக்காரன் ஒருவன் திருப்பிப் பிடித்த துவக்கின் அடிக்கட்டை முகத்துக்கு நேரே பாய்ந்து வருகிறது. மருதமுத்துவுக்கு யோசிக்க நேரமில்லை. இரண்டு கைகளும் தாமாகவே எழுந்து, மூக்குக்கு ஒரு விரல் முன்னால் அதை அப்படியே பிடித்துவிடுகின்றன. “ஷா!” மைதானத்தில் மெச்சுவதுபோல் தன்னை மறந்து கத்துகிறான் இன்னொரு ஆமிக்காரன். அடிக்க வந்தவனின் முகம் கறுக்கிறது. மற்றத் துவக்குகள் எல்லாம் மருதமுத்துவின் பக்கம் திரும்புகின்றன. “விட்டுர்றா மருது! அடிச்சா வாங்கிக்கடா, சாமி!” எதிர் வாசலில் அவன் தாய் அங்கம்மா அலறுகிறாள். அவன் விரல் விரலாக விடுகிறான். அடிக்கட்டை மறுபடியும் பின்னுக்குப் போகிறது. இந்த முறை இடது பக்கம் வரும் என்று அவனுக்குத் தெரிகிறது. கைகளை முதுகுக்குப் பின்னால் இறுகக் கோத்துக்கொண்டு, முகத்தைக் கொடுக்கிறான்.