இன்னும் பத்துக் கூண்டு

"போன வருஷம், கடல்ல கூண்டு வச்சு மீன் வளர்க்கக் கூடாதுன்னு எங்க ஆபீஸ் வாசல்ல படுத்து மறியல் பண்ணீங்களே, இப்போ எப்படி?" என்று கேட்டார் மீன்வளத்துறை அதிகாரி.

வலையைக் காயப்போட்டுக்கொண்டிருந்த மீனவர் வாயெல்லாம் பல்லாகச் சிரித்தார். "இன்னும் பத்துக் கூண்டு போடுங்க சார். வருமானம் ரெண்டு மடங்காயிடுச்சு!"

அதிகாரிக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. 'திட்டம் மாபெரும் வெற்றி' என்று அறிக்கையில் எழுதிக்கொண்டார்.

"உங்களுக்கு எத்தனை கூண்டு?"

"எனக்கு எதுக்கு சார் கூண்டு? அதுல போடற தீனி பாதி வெளிய சிந்துது. அதைத் தின்னக் கடல் மீனெல்லாம் அங்க கூடுது. பக்கத்துலயே வலையை விரிச்சுடறேன்."

அதிகாரியின் பேனா நின்றது. "அப்போ கூண்டு வச்சவங்க?"

"தீனி வாங்கியே நொடிஞ்சு போயிட்டாங்க. இன்னைக்குக் காலையிலேருந்து அவங்கதான் உங்க ஆபீஸ் வாசல்ல படுத்திருக்காங்க."