பதினோராவது குறை

சனிக்கிழமை காலை எட்டே முக்கால். அன்று கார் பார்க்க வந்த மூன்றாவது ஆள், வெர்னன் ஸ்லோட்.

வந்தவர் கை குலுக்கவில்லை. துணி சுற்றிய ஒரு காந்தத்தைச் சட்டைப் பையிலிருந்து எடுத்து, காரின் பின்பக்கத் தகட்டில் வைத்தார்.

காரை விற்கும் லோவெல் ப்ரூயிட்டுக்குச் சுருக்கென்றது. துருவை மறைக்கப் பட்டி பூசியிருந்தால் காந்தம் ஒட்டாது.

"என்னைப் பார்த்தா பூசி மெழுகுறவன் மாதிரியா தெரியுது?"

"பழக்கம் தம்பி." காந்தம் ஒட்டியது. வெர்னன் அடுத்த தகட்டுக்கு நகர்ந்தார்.

பதினாலு வருஷ உழைப்பு. யாருடைய கோழிக் கொட்டகையிலோ மட்கிக் கிடந்த 1970-ஆம் வருஷத்து செவெல் கார். லோவெல் அதை ஆணி ஆணியாகக் கழற்றிப் பூட்டியிருந்தார். உடம்பு மட்டும்தான் பழசு. பிரேக், ஏ.சி. எல்லாம் புதுசு. கார்புரேட்டரைத் தூக்கிவிட்டு, அந்த இடத்தில் கம்ப்யூட்டர் பார்த்துப் பெட்ரோல் விடும் ஏற்பாடு.

முன் கண்ணாடியில் அட்டை தொங்கியது: 'அறுபத்தெட்டாயிரம் டாலர். முடிந்தால் ஒரு குறை சொல்லுங்கள்.'

வெர்னன் சொல்ல ஆரம்பித்தார்.

"இந்தக் கதவு இடுக்கு ஒரு பக்கம் அகலம். டிக்கிக்குள்ள பெயிண்ட் வழிஞ்சிருக்கு. இந்த விளக்கு அசல் இல்ல, நகல்." ஒவ்வொன்றையும் ஒரு சின்ன நோட்டில் நம்பர் போட்டு எழுதினார்.

எதிர்வீட்டு ஆர்லோ புல் வெட்டும் மெஷினை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தார். "என்ன லோவெல், அட்டையைக் கழட்டிடலாமா?"

லோவெலின் காது மடல் சிவந்தது.

"யோவ் பெருசு, இந்த வித்தை எனக்கும் தெரியும். குறைக்கு ஆயிரம் டாலர்னு கழிச்சு, கடைசியில பழைய இரும்பு விலைக்குக் கேட்பே. வர்றவன் எல்லாம் இதைத்தானே செய்யறான்!"

"நான் இன்னும் விலையே பேசலியே?"

"அடுத்து அதானே வரும்!"

வெர்னன் சிமென்ட் தரையில் மல்லாந்து படுத்து, டார்ச்சோடு காருக்கு அடியில் நகர்ந்தார். வெளியே வந்தபோது முகம் மாறியிருந்தது.

"பதினொண்ணு. தம்பி, இதை மட்டும் காது குடுத்துக் கேளு. புது பம்பு வெச்சிருக்கே, ஆனா அந்த..."

லோவெல் காருக்குள் பாய்ந்து சாவியைத் திருகினார். ஆக்ஸிலேட்டரை மிதித்தார். எட்டு சிலிண்டரும் உறுமின.

வெர்னனின் உதடுகள் அசைந்தன. குனிந்து காரின் அடிப்பக்கத்தைக் காட்டினார். லோவெல் இன்னும் அழுத்தி மிதித்தார். ஆர்லோ கை தட்டினார்.

வெர்னன் நோட்டுத் தாளைக் கிழித்து வைப்பரில் செருகிவிட்டுப் போய்விட்டார்.

சத்தம் அடங்கியதும் மனைவி நோரீன் வாசலுக்கு வந்தாள். "என்னதான் எழுதியிருக்கார்னு பாரேன்."

"எதுவா இருந்தாலும் முகத்துக்கு நேரா சொல்லணும் நோரீன். சீட்டு எழுதி வெச்சுட்டுப் போறவன் எல்லாம் ஒரு மனுஷனா?"

"அவர் சொல்லத்தான் வந்தார். நீதான் மிதிச்சே."

லோவெல் அந்தத் தாளால் ஆயில் பார்க்கும் கம்பியைத் துடைத்து, பழந்துணி டப்பாவில் எறிந்தார்.

பதினோரு மணிக்கு மார்லிஸ் ட்வீட் வந்தார். ரிட்டயரான நர்ஸ். காந்தம், டார்ச் எதுவும் இல்லை. தங்கையின் காரில் வந்து இறங்கியவர், நீல நிற செவெல்லின் முன்மூடியை உள்ளங்கையால் தடவிப் பார்த்தார்.

"நாற்பது வருஷ ஆசை. எனக்கு மெஷினைப் பத்தி ஒண்ணும் தெரியாது. நீங்களே சொல்லுங்க, ஏதாவது குறை இருக்கா?"

"ஒண்ணுகூடக் கிடையாது."

"அப்ப சரி," என்று பேங்க் செக்கை நீட்டினார். அவர் ஓட்டிக்கொண்டு போனபோது, ஆர்லோவுக்குக் கேட்கிற மாதிரி லோவெல் சொன்னார்: "பார்த்தியா, நல்லவங்களும் இருக்காங்க."

சாயங்காலம் கை துடைக்கத் துணி எடுத்தபோது அந்தத் தாளும் கூடவே வந்தது. ஆயில் கறைக்கு நடுவே பதினோராவது வரியின் கீழ் இரண்டு கோடு.

'பெட்ரோல் போகும் பழைய ரப்பர் குழாயை மாற்றவில்லை. புது பம்பின் அழுத்தத்தை அது தாங்காது. சூடான புகைக்குழாய்க்கு ஒரு விரல் தள்ளி ஓடுகிறது. தீப்பிடிக்கும். முப்பது டாலர் வேலை. மாற்றும்வரை யாரையும் ஓட்ட விடாதே.'

அதற்குக் கீழே: 'மற்ற பத்தும் பெரிதில்லை. அருமையான வேலை. உன் விலைக்கே வாங்கிக்கொள்கிறேன்.' ஒரு போன் நம்பர்.

அந்தக் குழாய் லோவெலுக்கு நினைவிருந்தது. அப்புறம் மாற்றிக்கொள்ளலாம் என்று விட்டது.

உடனே மார்லிஸைக் கூப்பிட்டார். அவர் முதல் மணியிலேயே எடுத்துவிட்டார்.

"லோவெல்! உங்களுக்கு நூறு வயசு. வாய் வார்த்தையை நம்பி வாங்கற மாதிரி இன்னும் ஒரு ஆள் இருக்காருன்னு இப்பத்தான் தங்கச்சிகிட்ட சொல்லிட்டிருந்தேன். என்ன விஷயம்?"

லோவெல் தாளைப் பார்த்தார்.

"ஒண்ணுமில்ல. பத்திரமா வீடு போய்ச் சேர்ந்தீங்களான்னு கேட்கத்தான்."

மறுநாள், ஜூன் 2, ஞாயிற்றுக்கிழமை பகல் 1.20 மணிக்கு ஃபோர்ட் வேன் நகரத்துக்குக் கிழக்கே, 30-ஆம் எண் நெடுஞ்சாலையில் ஒரு நீல நிற செவெல் தீப்பிடித்து எரிந்தது. ஓட்டி வந்த பெண்மணி, முகத்திலும் இரண்டு கைகளிலும் தீக்காயங்களுடன் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்.